நடந்தது, நடத்தியது, நேர்ந்தது: நிகழ்வுச் சொற்களை ஆங்கிலத்திலும் ஐஸ்லாந்து மொழியிலும் கற்க ஒரு வழிகாட்டி

ஆங்கிலத்தில் எரிமலை வெடித்தாலும் இவென்ட், இசைக் கச்சேரி நடந்தாலும் இவென்ட். ஐஸ்லாந்து மொழியில் அப்படி ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. முதலாவது அட்புர்துர், இரண்டாவது வித்புர்துர். ஆங்கில அகராதி வழியாக ஐஸ்லாந்து மொழிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். தமிழ் வழியாகப் போனால் இவ்வளவு இடறல் இல்லை. நாம் ஏற்கனவே 'நிகழ்வு' என்றும் 'நிகழ்ச்சி' என்றும் பிரித்துத்தான் பேசுகிறோம். நடந்ததை 'நிகழ்வு' என்கிறோம். மேடை போட்டு, நேரம் குறித்து நடத்துவதை 'நிகழ்ச்சி' என்கிறோம். இலங்கைத் தமிழில் விழாவையும் 'நிகழ்வு' என்று அழைப்பிதழில் போடுவார்கள். அங்கே பழகியவர்கள் மட்டும் இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

வேலைக்கோ படிப்புக்கோ ஐஸ்லாந்து போகிறவர்களுக்கும், வீட்டிலிருந்தே அந்த மொழியைத் தொடங்குகிறவர்களுக்கும் சேர்த்து எழுதப்பட்டது இது. ஆங்கிலச் சொல்லை முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், அதன்பின் ஐஸ்லாந்துச் சொல்லுக்குப் போக வேண்டும். ஆங்கிலத்திலேயே நாம் சில பிழைகளைப் பழக்கமாக்கி வைத்திருக்கிறோம். அவையும் கூடவே வந்துவிடும்.

முதல் படி: ஒலியைப் பிடிப்பது

இங்கே ஐஸ்லாந்துச் சொற்கள் தமிழ் எழுத்தில் ஒலிக்கிற மாதிரி தரப்பட்டுள்ளன. 'த' என்று எழுதியிருப்பது நாக்கைப் பல்லிடையே வைத்துக் காற்றை விடும் ஒலி. ஆங்கிலத்தில் 'திங்க்', 'திஸ்' என்பவற்றின் முதல் ஒலி. ஐஸ்லாந்தில் இதற்கு இரண்டு தனி எழுத்துகள் உண்டு. 'ட' என்று எழுதியிருப்பதை நாக்கை மடிக்காமல் சொல்ல வேண்டும். 'உ' என்று எழுதியிருப்பது பல இடங்களில், உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொன்னால் வரும் ஒலி. எந்தச் சொல்லிலும் அழுத்தம் முதல் அசையில்தான் விழும். இதற்கு விலக்கு தேட வேண்டியதில்லை.

தமிழர்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. இரட்டை வல்லினத்துக்கு முன் ஐஸ்லாந்து மக்கள் ஒரு சிறு மூச்சை விடுவார்கள். பிறமொழியாளர் பலர் இதைக் கேட்கவே தவறுகிறார்கள். 'எஃகு' என்ற சொல்லில் ஆய்தத்தை முறையாக ஒலித்துப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே மூச்சுதான். 'இல்லை' என்பதற்கான ஐஸ்லாந்துச் சொல் எஹ்கி. எஃகைச் சொல்லத் தெரிந்த வாய்க்கு அது வரும். இந்த வழிகாட்டியில் அந்த மூச்சு 'ஹ்' என்று குறிக்கப்பட்டிருக்கிறது.

தமிழ் எழுத்து ஒலிக்கு ஒரு கைப்பிடி மட்டும்தான். எழுத்துக்கூட்டலை ஐஸ்லாந்து எழுத்திலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆர்னி மாக்னூசன் ஆய்வு நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தரும் சொல்திரிபுத் தரவுத்தளத்தில் ஒரு சொல்லை இட்டால் அதன் எல்லா வேற்றுமை வடிவங்களும் அட்டவணையாக வரும். இந்த மொழியைத் தொடங்கும் எவருக்கும் அகராதியைவிட இதுவே முதலில் தேவை.

இரண்டாம் படி: மூன்று கேள்விகள்

ஒரு நிகழ்வைப் பற்றிச் சொல்வதற்கு முன் தமிழில் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது தானாக நடந்ததா? யாராவது நடத்தினார்களா? யாருக்காவது நேர்ந்ததா? இந்த மூன்றுக்கும் ஐஸ்லாந்து மொழியில் வெவ்வேறு வினைகள் இருக்கின்றன.

தானாக நடந்தால் க்யெரஸ்ட் அல்லது வெர்தா. 'க்வாத் க்யெர்திஸ்ட்?' என்றால் 'என்ன நடந்தது?' 'க்வாத் எர் ஆத் க்யெரஸ்ட்?' என்றால் 'என்ன நடந்துகொண்டிருக்கிறது?' இந்த இரண்டு வாக்கியங்களையும் முதல் நாளே மனப்பாடம் செய்துவிடலாம். க்யெரா என்றால் செய். அதன் பின்னால் 'ஸ்ட்' ஒட்டினால் தானே ஆகிவிடுகிறது. தமிழில் 'செய்' வேறு, 'ஆகு' வேறு என்று வைத்திருப்பதை அவர்கள் ஒரு ஒட்டினால் முடித்துக்கொள்கிறார்கள்.

நடத்தினால் ஹால்டா. இது ஆங்கிலத்தின் 'ஹோல்ட்' என்பதன் உடன்பிறப்பு. நடத்துபவரைச் சொல்லாமல் நிகழ்ச்சி நடக்கிறது என்று மட்டும் சொல்ல ஃபாரா ஃப்ராம்: 'ஃபுண்டுரின் ஃபெர் ஃப்ராம் ஔ மொர்குன்', கூட்டம் நாளை நடக்கிறது. ஃபாரா என்றால் போ, ஃப்ராம் என்றால் முன்னே.

ஒருவருக்கு நேர்ந்தால் கோமா ஃபிரிர். 'க்வாத் கோம் ஃபிரிர் திக்?' என்றால் 'உனக்கு என்ன ஆச்சு?' இங்கே ஒரு பொறி இருக்கிறது. தமிழில் 'உனக்கு' என்று நான்காம் வேற்றுமை வருவதால் ஐஸ்லாந்திலும் அதையே போடத் தோன்றும். அங்கே இரண்டாம் வேற்றுமை, அதாவது 'உன்னை' என்ற வடிவம், வரும். திக் என்பது அந்த வடிவம்தான். 'எனக்கு' என்று வர வேண்டிய இடத்தில் மிக், 'அவளுக்கு' என்ற இடத்தில் ஹானா. கூட வேலை செய்பவர் கையில் கட்டுடன் வந்து நின்றால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. 'க்யெர்திஸ்ட்' என்று கேட்டாலும் புரியும். ஆனால் இதில் இருக்கும் அக்கறை அதில் இல்லை.

இன்னொரு வினையும் பேச்சில் ஓயாமல் வரும்: கௌங்கா. நட என்று பொருள். 'க்வெர்ட்னிக் கெய்ங்குர்?' என்று கேட்டால் 'எப்படி நடக்கிறது?', அதாவது வேலை, படிப்பு எல்லாம் எப்படிப் போகிறது என்று விசாரிக்கிறார்கள். காலால் நடப்பதற்கும் காரியம் நடப்பதற்கும் ஒரே வினையை வைத்திருக்கும் மொழி தமிழ் மட்டுமில்லை என்று இங்கே தெரிகிறது. ஆங்கிலத்தில் 'வாக்' என்ற வினையை இப்படிப் பயன்படுத்த முடியாது.

தானாக நடந்தவை

அட்புர்துர் என்பது பொதுச் சொல், ஆண்பால். வரலாற்று நிகழ்வு, செய்தியில் வரும் நிகழ்வு எல்லாம் இதில் அடங்கும். அட்விக் என்பது 'சம்பவம்', ஆங்கிலத்தில் 'இன்சிடென்ட்'. காவல்துறை அறிக்கையிலும் வேலையிடத்துப் பதிவேட்டிலும் இந்தச் சொல்தான் இருக்கும். இது அஃறிணைப்பால், பன்மையிலும் வடிவம் மாறாது.

ஆங்கிலத்தில் இங்கே ஒரு பழைய குழப்பம் உண்டு. 'இன்சிடென்ட்ஸ்' என்றால் சம்பவங்கள். 'இன்சிடென்ஸ்' என்றால் ஒரு நோயோ குற்றமோ எவ்வளவு அடிக்கடி வருகிறது என்ற விகிதம். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்பதால் எழுதும்போது மாறிப்போகிறது. அதைவிடப் பரவலான பிழை, 'ஹாப்பன்' என்ற வினைக்குச் செயப்பாட்டு வடிவம் கொடுப்பது: 'தி ஆக்சிடென்ட் வாஸ் ஹாப்பன்ட்'. தானே நடப்பதை யாரும் நடத்த முடியாது, அதனால் அந்த 'வாஸ்' வரக் கூடாது. ஐஸ்லாந்தின் க்யெரஸ்டுக்கும் அதே விதி. செயப்பாட்டு வடிவமே கிடையாது.

விபத்து என்றால் ஸ்லிஸ். ஒலிக்கும்போது ஸ், ல் இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய ட் நுழையும். அவசர உதவிக்கு 112 எண்ணை அழைத்தால் ஆங்கிலத்திலேயே பேசலாம். ஐஸ்லாந்து மொழியில் சொல்ல வேண்டுமானால் 'தாத் வார்த் ஸ்லிஸ்', விபத்து நடந்துவிட்டது. வார்த் என்பது வெர்தா வினையின் இறந்தகாலம். விபத்து, நிலநடுக்கம் போன்றவற்றுக்குச் செய்திகளில் இந்த வினைதான் அதிகம் வரும்.

'அவளுக்கு விபத்து' என்பதை நம் ஊர் ஆங்கிலத்தில் 'மெட் வித் ஆன் ஆக்சிடென்ட்' என்போம். இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் 'ஹாட் ஆன் ஆக்சிடென்ட்' என்பதே இயல்பு. ஐஸ்லாந்தில் 'ஹூன் லென்டி ஈ ஸ்லிசி'. லென்டா என்றால் தரையிறங்கு. விமானம் இறங்குவதற்கும் அதே வினை. விபத்துக்குள் போய் இறங்கிவிட்டாள் என்று சொல்கிற மாதிரி. தமிழின் 'விபத்தில் சிக்கினாள்' இதற்கு மிக அருகில் இருக்கிறது.

சின்ன அசம்பாவிதத்துக்கு ஓஹஹ்ப். ஹஹ்ப் என்றால் அதிர்ஷ்டம், முன்னால் வரும் 'ஓ' எதிர்மறை. இந்தச் சொல்லில் ஆங்கிலம் கற்பவருக்கும் ஒரு திறவுகோல் இருக்கிறது. ஆங்கிலத்தின் ஹாப்பன், ஹாப்பி, பெர்ஹாப்ஸ், மிஸ்ஹாப் எல்லாமே பழைய நோர்ஸ் மொழியின் இதே சொல்லிலிருந்து கிளைத்தவை. பழைய நோர்ஸ்தான் இன்றைய ஐஸ்லாந்து மொழியின் தாய். மிஸ்ஹாப்பும் ஓஹஹ்ப்பும் ஒரே வேரின் இரண்டு கிளைகள் என்று தெரிந்தால் இரண்டும் மறக்காது.

வேண்டுமென்றே செய்யாததை ஆங்கிலத்தில் 'பை ஆக்சிடென்ட்' என்பார்கள். அதைக் கேட்டு ஸ்லிஸைத் தேடிப் போகாதீர்கள். கை தட்டிக் காபி கொட்டினால் ஐஸ்லாந்தில் ஓவர்ட் என்ற ஒரே சொல் போதும். தெரியாமல் நடந்தது என்று பொருள். எதிர்பாராத ஒற்றுமைக்கு, ஆங்கிலத்தில் 'கோ இன்சிடென்ஸ்' என்பதற்கு, டில்வில்யுன். 'ஃபிரிர் டில்வில்யுன்' என்றால் தற்செயலாக.

மண்ணும் மலையும் வானிலையும்

ஐஸ்லாந்தில் நிகழ்வுச் சொற்களின் உண்மையான செழிப்பு இங்கேதான். மக்கள்தொகை 4 லட்சத்துக்கும் குறைவான அந்தத் தீவில் வாழ்வதற்கு இந்தச் சொற்களைத் தெரிந்துகொள்வது மொழிப்பாடம் மட்டுமில்லை, பாதுகாப்பும்கூட.

எரிமலை வெடிப்பு எல்ட்கோஸ்: நெருப்பும் பீறிடலும் சேர்ந்த சொல். செய்திகளில் சுருக்கமாக கோஸ் என்றே சொல்வார்கள். கடையில் கோஸ் என்று கேட்டால் சோடா, கோலா வகைப் பானம் கொடுப்பார்கள்; நுரைத்துப் பீறிடுவது இரண்டுக்கும் பொது. 'எல்ட்கோஸ் எர் ஹாவித்' என்று தலைப்பு வந்தால் வெடிப்பு தொடங்கிவிட்டது. நம் குளியலறையில் மாட்டியிருக்கும் கீசரின் பெயரும் ஐஸ்லாந்திலிருந்து வந்தது. அங்கே கொதிநீர் பீறிடும் ஓர் ஊற்றின் பெயர் கெய்சிர்.

நிலநடுக்கம் யர்த்ஸ்கியௌல்ஃப்டி. நிலம், நடுக்கம் என்று தமிழ்ச் சொல்லை அப்படியே பிரித்து வைத்த மாதிரி இருக்கும். முதல் பாதி இல்லாமல் ஸ்கியௌல்ஃப்டி என்று மட்டும் சொல்வதும் உண்டு. பனிப்பாறைக்கு அடியில் தேங்கிய நீர் திடீரென உடைத்துக்கொண்டு ஓடுவது யொகுல்ஹ்லொய்ப். உலகப் புவியியலாளர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போதும் இந்த ஐஸ்லாந்துச் சொல்லையே எடுத்தாள்கிறார்கள். பனிச்சரிவு ஸ்ன்யோஃப்லோத், அதாவது பனிவெள்ளம். 1995-ல் சூதவீக், ஃப்லாடெய்ரி என்ற இரண்டு சிற்றூர்களை ஜனவரியிலும் அக்டோபரிலும் பனிச்சரிவு தாக்கியது. இரண்டிலும் சேர்த்து 34 பேர் இறந்தார்கள். அந்தச் சொல்லை அங்கே யாரும் லேசாகச் சொல்வதில்லை. மண்சரிவு ஸ்க்ரிதா.

புயல் வானிலைக்கு ஓவெதுர். வெதுர் என்றால் வானிலை. ஓஹஹ்ப்பில் பார்த்த அதே 'ஓ' இங்கேயும். ஆனால் 'வானிலை இல்லாமை' என்று பொருள் கொண்டால் சிரமம். இந்த 'ஓ' சில சொற்களில் 'இல்லை' என்றும், சிலவற்றில் 'கெட்ட' என்றும் பொருள் தரும். 'காலம்' கெட்டால் நாம் 'அகாலம்' என்கிறோமே, அதுபோல.

வானிலை நிலையம் எச்சரிக்கையை நிறத்தால் சொல்லும். குல் மஞ்சள், அஹ்பெல்சீனுகுல் ஆரஞ்சு, ரொய்த் சிவப்பு. எச்சரிக்கை என்பது வித்வொருன். குல் வித்வொருன் என்று பார்த்தால் பயணத்தை யோசித்துத் தொடங்கலாம். ரொய்த் என்றால் வீட்டிலேயே இருக்க வேண்டும். சாலைத் தகவலில் ஓஃபைர்ட் என்றிருந்தால் அந்த வழியில் வண்டி போகாது.

குடிமக்கள் பாதுகாப்புத் துறைக்கு வேறு மூன்று படிநிலைகள் உண்டு. ஓவிஸ்ஸுஸ்டிக் என்பது உறுதியற்ற நிலை: ஏதாவது நடக்கக்கூடும், கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். ஹைஹ்டுஸ்டிக் ஆபத்து நிலை. நெய்தர்ஸ்டிக் அவசர நிலை. மக்களை வெளியேற்றுவது ரீமிங்க். 2023 நவம்பர் 10 அன்று இரவு க்ரிண்டவீக் நகரத்துக்கு நெய்தர்ஸ்டிக் அறிவித்து, ஏறத்தாழ 3,800 பேர் வாழ்ந்த ஊரையே காலி செய்தார்கள். அந்தச் சமயத்துச் செய்திகளை எடுத்துப் படித்தால் இந்தப் பகுதியின் சொற்கள் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் கிடைக்கும்.

நடத்துபவை

வித்புர்துர் பொதுச் சொல். முகநூலில் 'இவென்ட்' என்பதற்கும் ஐஸ்லாந்தில் இதுதான். கூட்டம் ஃபுண்டுர், இதே சொல்லுக்குக் 'கண்டுபிடிப்பு' என்ற பொருளும் இருப்பதால் தலைப்புகளில் சூழலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மக்கள் ஒன்றுகூடல் சாம்கோமா, சேர்ந்து வருதல். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக விதித்த ஒன்றுகூடல் தடை சாம்கோமுபான் என்றே எல்லார் வாயிலும் இருந்தது. இசைக் கச்சேரி டோன்லெய்கர். இது எப்போதும் பன்மை. ஒரே கச்சேரியானாலும் வினையும் பன்மையில் வர வேண்டும்.

விழா, பண்டிகை ஹௌடீத்: 'உயர்ந்த காலம்' என்று பிரியும். வெஸ்ட்மன்னாஎய்யர் தீவுகளில் ஆகஸ்ட் தொடக்கத்து வார இறுதியில் நடக்கும் த்யோத்ஹௌடீத் 1874-ல் தொடங்கியது. நாட்டுப் பெருவிழாவுக்குத் தலைநிலத்துக்குப் போக முடியாமல் வானிலை தடுத்ததால் தீவுக்காரர்கள் தங்களுக்கென ஒன்றை நடத்திக்கொண்டார்கள். குடியரசு நாளுக்கு மட்டும் தனிப்பெயர் தேவைப்படவில்லை. 1944-ல் திங்வெட்லிர் வெளியில் குடியரசு அறிவிக்கப்பட்ட ஜூன் 17-ஐ அந்தத் தேதியாலேயே அழைக்கிறார்கள்.

வீட்டு விருந்து வெய்ஸ்லா. இதை வைத்துத் தேவையான சொற்களை எல்லாம் கட்டிக்கொள்ளலாம். பிறந்தநாள் அவ்மைலி, பிறந்தநாள் விருந்து அவ்மைலிஸ்வெய்ஸ்லா. திருமணம் ப்ரூத்கொய்ப். பதினான்கு வயதை ஒட்டிப் பிள்ளைகளுக்கு நடக்கும் தேவாலயச் சடங்கு ஃபெர்மிங்க், அதன் விருந்து ஃபெர்மிங்கர்வெய்ஸ்லா. வேலையிடத்தில் உங்களைக் கூப்பிடக்கூடிய விருந்துகளில் இதுவும் ஒன்று. 'த்யேர் எர் போதித் ஈ வெய்ஸ்லு' என்றால் 'உனக்கு விருந்துக்கு அழைப்பு'. இங்கே 'உனக்கு' என்பது நான்காம் வேற்றுமையேதான், பொறி இல்லை.

ஆங்கிலத்தில் 'பர்த்டே' வேறு, 'ஆனிவர்சரி' வேறு. ஐஸ்லாந்தில் நிறுவனத்தின் நூற்றாண்டும் குழந்தையின் முதல் பிறந்தநாளும் அவ்மைலிதான். மணநாள் வந்தால் ப்ரூத்கொய்ப்ஸ்-அவ்மைலி. வாழ்த்த 'டில் ஹாமிங்யு'. 'பிறந்தநாளை முன்னிட்டு' என்பதில் வரும் 'முன்னிட்டு'வுக்கு ஈ டில்எப்னி ஆவ். ஆங்கிலத்தில் 'ஆன் தி அக்கேஷன் ஆஃப்'.

இறுதிச் சடங்கு யர்தர்ஃபொர், மண்ணை நோக்கிய பயணம். அறிவிப்புகளில் ஊட்ஃபொர் என்று கண்ணியமாக எழுதுவார்கள்: வெளிப் பயணம். துக்க வீட்டில் சொல்ல ஒரு வாக்கியம் கையில் இருக்க வேண்டும்: 'யெக் ஸாம்ஹ்ரிக்யிஸ்ட் த்யேர்', உங்கள் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன். ஐஸ்லாந்தில் ஒருமை, பன்மை என்று பார்ப்பார்களே தவிர, பெரியவருக்கென மரியாதைப் பன்மை அன்றாடப் பேச்சில் இல்லை. நமக்குக் கூச்சமாக இருந்தாலும் 'நீ' வடிவமே சரி.

நாம் தாராளமாகச் சொல்லும் 'ஃபங்ஷன்' என்பதை மட்டும் இந்த வழியில் எடுத்துப் போகாதீர்கள். 'வீட்டில் ஃபங்ஷன்' என்று நினைத்து அகராதியைப் புரட்டினால் ஹ்லுட்வெர்க் என்று வரும். அதற்குப் பங்கு, செயல்பாடு என்று பொருள். என்ன விழாவோ அதன் பெயரைச் சொல்லிவிடுவதே ஐஸ்லாந்து வழக்கம்.

ரத்து, தள்ளிவைப்பு, தாமதம், முடிவு

பலரும் பல மாதம் தடுமாறும் இடம் இது, அதனால் மெதுவாகப் போவோம்.

'ரத்து செய்' அவ்லீசா. 'தள்ளிவை' ஃப்ரெஸ்டா. 'தாமதமாகு' செய்ன்கா. 'முடி' ல்யூக்கா. இந்த நான்கு வினைகளோடும் வரும் பொருள் நான்காம் வேற்றுமையில் நிற்கும். கூட்டம் முடிந்தது என்பதை 'ஃபுண்டினும் லொய்க்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கூட்டத்துக்கு முடிந்தது'. ஆங்கிலம் வழியாக வருபவருக்கு இது விநோதம். நமக்கோ 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குக் குளிர்கிறது' என்று எழுவாய் இடத்தில் 'கு' உருபை வைத்துப் பேசுவது பிறவிப் பழக்கம். 'எனக்குக் குளிர்கிறது' ஐஸ்லாந்திலும் அதே அமைப்பில் 'ம்யேர் எர் கால்ட்'தான். நாம் அந்த உருபை உயிருள்ளவருக்கு வைக்கிறோம். அவர்கள் கூட்டத்துக்கும் விமானத்துக்கும்கூட வைக்கிறார்கள். அவ்வளவுதான் வேறுபாடு.

சொல்லின் பாலைப் பொறுத்து ஈறு மாறும். கூடவே 'அந்த' என்ற சுட்டும் ஒட்டிக்கொண்டு வரும். நான்கு ஈறுகளை மட்டும் நெட்டுருச் செய்தால் போதும். ஆண்பாலுக்கு இனும்: ஃபுண்டினும். பெண்பாலுக்கு இனி: ஹௌடீதினி. அஃறிணைப்பாலுக்கு இனு: கோசினு. பன்மைக்கு உனும்: டோன்லெய்குனும்.

இனி வாக்கியம் அமைக்கலாம்.

'டோன்லெய்குனும் வார் அவ்லீஸ்ட்', கச்சேரி ரத்து செய்யப்பட்டது.
'ஃபுண்டினும் வார் ஃப்ரெஸ்டாத்', கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.
'ஃப்லுயினு செய்ன்கர்', விமானத்துக்குத் தாமதமாகிறது.
'கோசினு எர் லோக்கித்', வெடிப்பு ஓய்ந்துவிட்டது.

டோன்லெய்கர் பன்மை என்று மேலே பார்த்தோம். அப்படியானால் வினையும் பன்மையாக வேண்டாமா? வேண்டாம். பெயர் நான்காம் வேற்றுமைக்குப் போனதும் வினைக்கு இணங்க எழுவாயே இல்லை. அதனால் வினை ஒருமையிலும், அவ்லீஸ்ட் போன்ற எச்ச வடிவம் அஃறிணைப்பால் ஒருமையிலும் உறைந்துவிடும். தமிழில் 'எங்களுக்குப் பசிக்கிறது' என்று பன்மையிலும் வினை மாறாமல் நிற்பதை நினைத்துக்கொண்டால் இது தானாகவே சரியாக வரும்.

லோக்கித், லோகாத் இரண்டையும் குழப்பாதீர்கள். லோக்கித் என்றால் முடிந்தது, லோகாத் என்றால் மூடப்பட்டது. சாலைப் பலகையில் லோகாத் என்று பார்த்துவிட்டு 'ஏதோ முடிந்துவிட்டது, போகலாம்' என்று வண்டியை விடுவது ஆபத்து.

நம் ஊர் ஆங்கிலத்தின் 'ப்ரீபோன்' இந்தியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது; 'ப்ரிங் ஃபார்வர்ட்' என்று சொல்ல வேண்டும். ஐஸ்லாந்தில் இதற்கு நேரான ஒரு வினையே இருக்கிறது: ஃப்லீடா. இதுவும் அதே குடும்பம். 'ஃபுண்டினும் வார் ஃப்லீஹ்ட்', கூட்டம் முன்கூட்டி மாற்றப்பட்டது.

தொடக்கத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. 'கோசித் ஹோஃப்ஸ்ட்', வெடிப்பு தொடங்கியது: இங்கே கோசித் எழுவாய் வேற்றுமையில் இயல்பாக நிற்கிறது. தொடங்குவது எளிது, முடிப்பதற்குத்தான் நான்காம் வேற்றுமை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நேரம் குறிப்பதில் தவறும் இடம்

ஹௌல்ஃப் ஔஹ்டா என்று அழைப்பு வந்தால் சொல்லுக்குச் சொல் 'அரை எட்டு'. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'ஹாஃப் எய்ட்' என்றால் எட்டரை. ஐஸ்லாந்தில் எட்டை நோக்கி அரை மணி மீதம், அதாவது ஏழரை. இதைத் தவறவிட்டால் ஒரு மணி நேரம் தாமதமாக விருந்துக்குப் போய் நிற்க வேண்டியிருக்கும். ஐயமிருந்தால் எண்ணில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். 24 மணிக் கணக்கில் 19.30 என்று எழுதுவார்கள்.

கிழமையிலும் கவனம் தேவை. 'ஔ மௌனுடையின்' என்றால் திங்கட்கிழமை. போன திங்களா வரும் திங்களா என்பதை வினையின் காலம்தான் சொல்லும். தெளிவாக்க, கடந்ததற்குப் பின்னால் வார் சேர்க்க வேண்டும், வருவதற்கு கெமுர். நேற்று ஈ க்யைர், இன்று ஈ டாக், நாளை ஔ மொர்குன்.

பழகும் முறை

ஒரு நாளைக்கு ஐந்து சொற்களுக்கு மேல் எடுக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டில் நான்கு விவரங்கள்: ஐஸ்லாந்து எழுத்தில் சொல், அதன் பால், சுட்டு ஒட்டிய வடிவம், நான்காம் வேற்றுமை வடிவம். பால் தெரியாமல் ஒரு சொல்லை எழுதிவைப்பதால் பயனே இல்லை. அடுத்த நாள் வாக்கியத்தில் போட முயலும்போது எல்லா ஈறுகளும் சந்தேகமாகிவிடும்.

முதல் வாரம் சொற்கள். இரண்டாவது வாரம் ஒரே நிகழ்வை மூன்று வரியில் எழுதிப் பாருங்கள். தொடக்கம், நீடித்த காலம், முடிவு என்று மூன்று வினைகள் வந்துவிட வேண்டும். 2021-ல் ரெய்க்யவீக்குக்கு அருகே ஃபக்ரடால்ஸ்ஃப்யட்ல் மலையில் நடந்த வெடிப்பு இதற்கு நல்ல பாடம். அது மார்ச் 19-ல் தொடங்கி ஆறு மாதம் நீடித்து செப்டம்பரில் ஓய்ந்தது. முதல் வரிக்கு 'கோசித் ஹோஃப்ஸ்ட் ஈ மார்ஸ்'. இரண்டாவதுக்கு 'கோசித் ஸ்டோத் இவிர் ஈ செக்ஸ் மௌனுதி', ஆறு மாதம் நீடித்தது. மூன்றாவதுக்கு 'கோசினு லொய்க் ஈ செப்டெம்பெர்'. கோசித் இருமுறை வந்து மூன்றாவது வரியில் கோசினு ஆவதைக் கவனியுங்கள். அந்த மாற்றம் கை தானாக எழுதும் வரை வேறு வெடிப்புகளையும் கூட்டங்களையும் வைத்து எழுத வேண்டும்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஐஸ்லாந்து அரசு ஒலிபரப்பான ரூவின் செய்தித் தலைப்புகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் நிகழ்வுச் சொல்லையும் அதன் வினையையும் மட்டும் அடிக்கோடிடுங்கள். முழுச் செய்தியும் புரிய வேண்டியதில்லை. பெயரின் கடைசியில் இனும், இனு, இனி, உனும் எது கண்ணில் பட்டாலும் பக்கத்தில் ரத்து, தள்ளிவைப்பு, தாமதம், முடிவு இவற்றில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் முன்னிடைச்சொல் ஒன்றினால்கூட அந்த ஈறு வந்திருக்கும். அப்போது அந்த இடைச்சொல்லையும் குறிப்பேட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்.